புது ஹாமுக்கு: ரேடியோ சொன்னபடி கேட்காதபோது எங்கே தேடுவது

ஹாம் எனப்படும் அமெச்சூர் ரேடியோ உரிமம் கைக்கு வந்து, வி.யு.3 என்றோ வி.யு.2 என்றோ தொடங்கும் அழைப்புக்குறியும் கிடைத்தபின் முதல் சில வாரங்களில் வரும் புகார்கள் ஏறத்தாழ எல்லோருக்கும் ஒன்றுதான். கேட்கிறது, பேச முடியவில்லை. பேச முடிகிறது, புரியவில்லை என்கிறார்கள். நேற்று வந்தது, இன்று இல்லை. இவற்றில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு ரேடியோ காரணமே அல்ல. ஆண்டெனா, கேபிள், கனெக்டர், மெனுவில் தவறிப்போன ஒரு எண், அல்லது மேலே இருக்கும் வானம், இவற்றுள் ஒன்றுதான். ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பெட்டியைத் திறப்பதைக் கடைசிக்கு வையுங்கள்.

கீழே உள்ளவை அறிகுறிப்படி. உங்களுடையதைத் தேடி நேரே அங்கே போகலாம். இரண்டே கட்டுப்பாடுகள்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், ஆண்டெனாவோ, அதற்குப் பதிலாகப் பவரை வாங்கிக்கொள்ளும் 50 ஓம் டம்மி லோடோ மாட்டாமல் பி.டி.டி.யை (பேசும்போது அழுத்தும் பொத்தானை) அழுத்தாதீர்கள். ஒரு மல்டிமீட்டர், ஒரு டம்மி லோடு, இரவல் வாங்கியாவது ஒரு நானோ வி.என்.ஏ. (ஆண்டெனாவை அளக்கும் சிறு அனலைசர்) இருந்தால் இதில் உள்ள எல்லாவற்றையும் வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

ரிப்பீட்டர் நன்றாகக் கேட்கிறது, நான் அழுத்தினால் திறக்கவில்லை

உங்கள் பேச்சை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்தான் ரிப்பீட்டர். அது ஒரு அலைவரிசையில் கேட்டு இன்னொன்றில் பேசும். 2 மீட்டர் பேண்டில் இரண்டுக்கும் இடைவெளி வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ், பெரும்பாலும் கீழ்ப்பக்கம். நீங்கள் கேட்பது 145.600 என்றால், பேசும்போது ரேடியோ 145.000க்கு இறங்க வேண்டும். பி.டி.டி.யை அழுத்திக்கொண்டு திரையைப் பாருங்கள். எண் மாறவே இல்லை என்றால் ஷிஃப்ட், அதாவது இந்த நகர்வு, போடப்படவில்லை. 146.200 என்று காட்டினால் திசை தலைகீழாக இருக்கிறது. உடனே விட்டுவிடுங்கள், இந்தியாவில் நமக்கான 2 மீட்டர் பேண்ட் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரைதான். மலிவான ஹேண்டிகள் (கையடக்க ரேடியோக்கள்) 136 முதல் 174 வரை எங்கே அழுத்தினாலும் அலை விடும். அது முடியும் என்பதால் உங்களுக்கு அனுமதி உண்டு என்று ஆகாது. 70 சென்டிமீட்டரிலும் அப்படித்தான்: நமக்கு 434 முதல் 438.

பாவ்ஃபெங் யுவி-5ஆர் வைத்திருப்பவர்கள் மெனு 25இல் திசையையும் 26இல் இடைவெளியையும் 13இல் அனுப்பும் டோனையும் பார்க்க வேண்டும். இடைவெளி 0.600 என்பதற்குப் பதில் 6.000 என்று ஏறியிருப்பது அடிக்கடி காணும் கோளாறு. இவற்றை வி.எஃப்.ஓ. நிலையில் (அலைவரிசையை நேரே எண்ணாகப் போடும் நிலை) போட்டுவிட்டுப் பிறகு மெமரியில் ஏற்றுங்கள். மெமரி சேனலில் நின்றபடி மாற்றினால் அடுத்த சேனலுக்குப் போய்வரும்போது பழையபடி ஆகிவிடும்.

ஷிஃப்ட் சரி என்றால் அடுத்து டோன். பல ரிப்பீட்டர்கள் குரலுக்கு அடியில் ஒரு மெல்லிய சி.டி.சி.எஸ்.எஸ். டோன் வந்தால்தான் திறக்கும். 88.5 கேட்கும் ரிப்பீட்டருக்கு 91.5 அனுப்பினால் அது அசையாது. அந்த ரிப்பீட்டரைப் பராமரிக்கும் கிளப்பிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பழைய பட்டியல்களில் டோன் மாறிப்போயிருக்கும்.

இரண்டும் சரியாக இருந்தும் திறக்கவில்லை என்றால், நீங்கள் போய்ச் சேரவில்லை. இதைப் பலர் நம்ப மறுப்பார்கள், “எனக்கு அவ்வளவு தெளிவாகக் கேட்கிறதே” என்பார்கள். மலை உச்சியில் பெரிய ஆண்டெனாவோடு இருக்கும் ரிப்பீட்டரின் குரல் உங்கள் ஹாலுக்குள் வந்துவிடும். கையில் இருக்கும் 5 வாட், கான்கிரீட் சுவரையும் ஜன்னல் கிரில்லையும் தாண்டி அங்கே ஏற வேண்டும். மொட்டை மாடிக்குப் போய் அழுத்திப் பாருங்கள். அங்கே திறந்தால் ரேடியோவில் குறையே இல்லை.

ஹேண்டியோடு வரும் குட்டை ரப்பர் ஆண்டெனாவுக்கு ஒரு கைவைத்தியம் உண்டு. 49 சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய ஒயர் ஒன்றை, ஆண்டெனா திருகும் இடத்தின் வெளி உலோகத்தோடு தொடும்படி மாட்டிக் கீழே தொங்கவிடுங்கள். 145 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் அவ்வளவுதான். ஆண்டெனாவுக்கு இல்லாத மறுபாதியாக அது வேலை செய்யும். நடுப்பின்னை மட்டும் தொட்டுவிடக் கூடாது.

திறக்கிறது, ஆனால் பேச்சு புரியவில்லை என்கிறார்கள்

எப்படிப் புரியவில்லை என்று கேளுங்கள், பதிலில்தான் விடை இருக்கிறது. “முதல் வார்த்தை வரவில்லை” என்றால் அழுத்திய கையோடு பேசத் தொடங்குகிறீர்கள். அரை விநாடி பொறுங்கள், டோனை அடையாளம் காண ரிப்பீட்டருக்கு அந்த நேரம் தேவை. “குரல் சன்னமாக இருக்கிறது” என்றால் ரேடியோ நேரோ என்ற குறுகிய அகலத்தில் இருக்கிறது, வைடு என்ற அகன்ற நிலைக்கு மாற்றுங்கள். யுவி-5ஆரில் அது மெனு 5. “கரகரவென்று வெட்டுகிறது” என்றால் சிக்னல் விளிம்பில் நிற்கிறது. 2 மீட்டர் பேண்டில் நீங்கள் அரை மீட்டர் நகர்ந்து நின்றாலே நிலைமை மாறும், ஆண்டெனா நிமிர்ந்து இருக்கட்டும். “அடைத்த மாதிரி, ஊதுகிற மாதிரி” என்றால் மைக் வாயோடு ஒட்டியிருக்கிறது. நான்கு விரல் தள்ளிப் பிடியுங்கள்.

ஒன்றுமே கேட்கவில்லை

சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடைக்கும் ஸ்க்வெல்ச்சைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். “சர்ர்” என்று இரைந்தால் ரிசீவர் உயிரோடு இருக்கிறது. பிறகு, வாங்கும் பக்கத்தில் டோன் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அனுப்புவதற்கான டோனை வாங்கும் மெனுவிலும் போட்டுவிட்டால், அந்த டோன் இல்லாத எல்லாப் பேச்சையும் ரேடியோ வாயடைத்துவிடும். விளக்கு எரியும், மீட்டர் ஏறும், சத்தம் வராது. பெரிய ரிக்கில் (மேசைமேல் வைக்கும் ரேடியோவில்) இதே அறிகுறிக்கு வேறு காரணங்கள்: வரும் சிக்னலைப் பெருக்கும் ஆர்.எஃப். கெயின் குமிழ் இறங்கிக் கிடக்கும், அதைக் குறைக்கும் அட்டனுவேட்டர் போட்டிருக்கும், ஆண்டெனா 1க்கும் 2க்கும் ஸ்விட்ச் மாறியிருக்கும்.

இத்தனையும் சரி, ஆனால் யாரும் பேசவில்லை என்றால், யாரும் பேசவில்லை என்பதுதான் விஷயம். வார நாள் மதியம் பல ரிப்பீட்டர்கள் அமைதியாகத்தான் இருக்கும். காலை வேலைக்குப் போகுமுன், இரவு சாப்பாட்டுக்குப் பின் கேட்டுப் பாருங்கள்.

மாடியில் ஆண்டெனா வைத்த பிறகு முன்பைவிட மோசம்

முதலில் கேபிளின் நீளத்தைக் கேட்பேன். ஆர்.ஜி.58 என்ற மெல்லிய கோஆக்ஸ் 145 மெகாஹெர்ட்ஸில் 15 மீட்டருக்குள் உங்கள் பவரில் பாதியைத் தின்றுவிடும். 30 மீட்டர் என்றால் கால்பங்குதான் மேலே போகும். கீழே வரும் சிக்னலுக்கும் அதே கதி. 434க்குப் போனால் இன்னும் மோசம். ஆர்.ஜி.213 போன்ற தடித்த கேபிளில் இழப்பு டெசிபெல் கணக்கில் பாதிக்கும் குறைவு. கையில் இருக்கும் பணத்தை ரேடியோவின் வாட்டில் போடாமல் கேபிளில் போடுங்கள். 25 வாட் மொபைல் ரிக் வாங்கி அதில் 30 மீட்டர் மலிவுக் கேபிளை மாட்டினால் ஆண்டெனாவுக்குப் போவது ஹேண்டியின் பவர்தான்.

அடுத்து, ஒரு திசையை நோக்கும் யாகி ஆண்டெனா வைத்திருக்கிறீர்களா? கம்பிகள் படுக்கையாக இருக்கின்றனவா? பழைய டி.வி. ஆண்டெனாவைப் பார்த்த பழக்கத்தில் அப்படித்தான் கட்டத் தோன்றும். ரிப்பீட்டர்கள் நிமிர்ந்த ஆண்டெனாவில் பேசுகின்றன, உங்களுடையதும் நிமிர்ந்தே இருக்க வேண்டும். படுக்கையாக இருந்தால் இழப்பு 20 டெசிபெல் வரை போகலாம்; அது நூற்றில் ஒரு பங்கு பவர்.

மூன்றாவது காரணம் நகரத்துக்கே உரியது. மலிவு ஹேண்டிகளின் முன்பகுதியில் நல்ல ஃபில்டர் கிடையாது. பெரிய ஆண்டெனாவை மாட்டியதும் பக்கத்து எஃப்.எம். நிலையமும் மற்ற டிரான்ஸ்மிட்டர்களும் ஒன்றாக உள்ளே புகுந்து ரிசீவரைச் செவிடாக்கிவிடும். ரப்பர் ஆண்டெனாவில் கேட்கும் ரிப்பீட்டர் பெரிய ஆண்டெனாவில் கேட்கவில்லை என்றால் இதுதான். 2 மீட்டருக்கான பேண்ட்பாஸ் ஃபில்டர் உதவும், நல்ல மொபைல் ரிக் இன்னும் உதவும்.

40 மீட்டர் டைபோலில் எஸ்.டபிள்யூ.ஆர். ஏறிக் கிடக்கிறது

இதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள், நின்று நிதானமாகப் பார்ப்போம். 40 மீட்டர் என்பது 7 மெகாஹெர்ட்ஸ் பேண்டின் பெயர், டைபோல் என்பது நடுவில் கேபிள் இணைத்து இரு கையாக நீட்டிய கம்பி ஆண்டெனா. அனுப்பும் பவரில் எவ்வளவு ஆண்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்பதைச் சொல்லும் எண்தான் எஸ்.டபிள்யூ.ஆர். எஸ்.டபிள்யூ.ஆர். 1.5 என்றால் திரும்பி வருவது 4 சதவீதம், 2 என்றால் 11, 3 என்றால் 25. ஆகவே 1.7ஐ 1.1 ஆக்க ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிக்க வேண்டாம். 3க்கு மேல் என்றால்தான் இறங்க வேண்டும்.

ஒரே ஒரு இடத்தில் அளந்தால் ஒன்றும் தெரியாது. 6.5 முதல் 7.7 மெகாஹெர்ட்ஸ் வரை அனலைசரில் ஓட்டி, குழி எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

குழி 7க்குக் கீழே விழுந்தால் கம்பி நீளம், 7.2க்கு மேலே விழுந்தால் குட்டை. மீட்டரில் மொத்த நீளம் வேண்டுமென்றால் 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுங்கள்: 7.1க்கு 20.1 மீட்டர், ஒரு கை 10 மீட்டரும் கொஞ்சமும். பி.வி.சி. உறை போட்ட ஒயர் என்றால் இன்னும் சில சதவீதம் குறையும். தரையிலிருந்து உயரம், பக்கத்துச் சுவருக்குள் இருக்கும் கம்பி எல்லாம் கணக்கை நகர்த்தும். அதனால் 10.3 மீட்டரில் தொடங்கிக் குறைத்து வாருங்கள். இரு கையிலும் 10 சென்டிமீட்டர் குறைத்தால் குழி சுமார் 70 கிலோஹெர்ட்ஸ் மேலே ஏறும். வெட்டாதீர்கள், மடக்கி அதே ஒயரோடு முறுக்கிக் கட்டுங்கள். நம் 40 மீட்டர் 7.0 முதல் 7.2 வரை, 7.1இல் குழி விழுந்தால் முழு பேண்டும் கைக்குள்.

குழியே இல்லை, எல்லா இடத்திலும் மீட்டர் உச்சியில் நிற்கிறது என்றால் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது ஒட்டிக்கொண்டிருக்கிறது. கேபிளை இரு முனையிலும் கழற்றி மல்டிமீட்டரை வையுங்கள். நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் இடையே தொடர்பு இருக்கக் கூடாது. ஆண்டெனா பக்கம் இரண்டையும் ஒரு கிளிப்பால் சேர்த்தால் தொடர்பு காட்ட வேண்டும். கேபிளுக்கும் டைபோலுக்கும் நடுவே வரும் பலூன் என்ற இணைப்புப் பெட்டியை விட்டுவிட்டு அளங்கள். சில வகைப் பலூன்கள் மல்டிமீட்டருக்கு ஷார்ட் போலவே தெரியும், அது கோளாறு அல்ல.

காற்றடித்தால் மாறுகிறது என்றால் கனெக்டர். பி.எல்.259இன் பின்னல் பக்கத்தில் ஈயம் பிடிக்காமல் மேலே உருண்டு நிற்பதுதான் வழக்கமான காட்சி. போதுமான சூடு ஏறவில்லை என்று அர்த்தம். அறுபது வாட்டுக்குக் குறைந்த சால்டரிங் அயர்னில் அந்தக் கனெக்டர் சூடாகாது.

இன்னொரு நிலை இருக்கிறது, அதற்கு யாரும் புகார் சொல்வதில்லை. 6.5இலும் 1.4, 7.1இலும் 1.3, 7.7இலும் 1.4. மீட்டரைப் பார்த்தால் மனம் குளிரும், ஆனால் உங்கள் குரல் யாருக்கும் கேட்காது. கேபிளுக்குள் தண்ணீர் ஏறி, கேபிளே டம்மி லோடாகிவிட்டது. வெளிமுனைக் கனெக்டரை வெட்டி எடுத்து, கறுப்பு உறையை ஒரு அங்குலம் கீறிப் பாருங்கள். உள்ளே பின்னல் புதுச் செம்பாக மின்ன வேண்டும். பச்சை பூத்தோ கறுத்தோ இருந்து, நகத்தால் சுரண்டினால் தூளாக உதிர்ந்தால், மின்னும் செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று இதை ஒரே வடகிழக்குப் பருவமழையில் செய்துவிடும். முழுக் கேபிளும் போயிருந்தால் தயங்காமல் தூக்கிப்போடுங்கள். புதிதாகப் போடும்போது கனெக்டர்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன்மேல் சாதாரண இன்சுலேஷன் டேப். கேபிள் வீட்டுக்குள் நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு தொங்கல் விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டைபோல் அறுந்து விழுந்தாலும் ஈ.பி. லைனைத் தொட முடியாத இடத்தில்தான் கட்ட வேண்டும். மேலே வீசும் கயிறும் அப்படியே. இடி தொடங்குமுன்பே கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போடுங்கள்.

எஸ்.7 இரைச்சல், எதுவும் கேட்க முடியவில்லை

எஸ்.7 என்பது ரிக்கின் சிக்னல் மீட்டர் காட்டும் அளவு. ரிக்கை பேட்டரியில் ஓடவிட்டு வீட்டு மெயினை அணையுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் சேர்த்து அணைக்க வேண்டும், அதுவே குற்றவாளியாக இருக்கலாம். இரைச்சல் விழுந்தால் எதிரி வீட்டுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்விட்ச்சாகப் போட்டுக்கொண்டே வாருங்கள்: மலிவு எல்.இ.டி. பல்ப், செல்போன் சார்ஜர், லேப்டாப் அடாப்டர், எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், சோலார் இன்வெர்ட்டர். ரிக்கின் சொந்த ஸ்விட்ச்சிங் பவர் சப்ளையை மறந்துவிடாதீர்கள்.

விழவில்லை என்றால் வெளியே. வறண்ட நாளில் “பர்ர்” என்று அடித்து, மழை பெய்ததும் குறைந்தால் கம்பத்தில் தளர்ந்த இணைப்போ பழுதான இன்சுலேட்டரோ பொறி விடுகிறது. கையடக்க ரேடியோவை ஏ.எம்.மில் வைத்துத் தெருவில் நடந்து கம்பத்தைக் கண்டுபிடியுங்கள். கம்ப எண்ணோடு மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். அவர்களுக்கும் அது சரிசெய்ய வேண்டிய பழுதுதான்.

பி.டி.டி. அழுத்தியதும் ரிக் அணைந்து எழுகிறது

100 வாட் ரிக் அழுத்தும்போது 20 ஆம்பியர் இழுக்கும். பெரும்பாலானவை 13.8 வோல்ட்டுக்குக் கட்டியவை, 11.7க்குக் கீழே போனால் தடுமாறும். டம்மி லோடு மாட்டி, சி.டபிள்யூ. (மோர்ஸ்) நிலையில் அழுத்தி, ரிக்கின் பின்புறக் கனெக்டரிலேயே வோல்ட்டை அளங்கள். சப்ளையின் முகப்பு மீட்டரை நம்ப வேண்டாம், அது தன் வாசலில் இருப்பதைத்தான் காட்டும். ஒரு சதுர மில்லிமீட்டர் ஒயரில் 3 மீட்டர் போட்டிருந்தால் போக வர 2 வோல்ட் ஒயரிலேயே விழும். தடித்த ஒயர், குட்டையாக. ஃபியூஸ் ஹோல்டரையும் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தாலோ பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ மாற்றுங்கள்.

வோல்ட் விழவில்லை, ஆனாலும் அணைகிறது, கம்ப்யூட்டர் மவுஸ் உறைகிறது, மைக் உதட்டைச் சுருக்கென்று கடிக்கிறது என்றால் ரேடியோ அலை கோஆக்ஸின் வெளிப்புறம் வழியாக அறைக்குள் திரும்பி வருகிறது. ஆண்டெனாவின் ஊட்டுமுனையில் கேபிளை எட்டுப் பத்துச் சுற்று சுருட்டிக் கட்டுங்கள், அல்லது ஃபெரைட் வளையத்தில் சுற்றுங்கள். வீட்டுக்குள் முடியும் எண்ட்-ஃபெட் (ஒரு முனையில் ஊட்டும்) கம்பிகளில் இந்தத் தொல்லை அதிகம். பக்கத்து வீட்டு ஸ்பீக்கரில் உங்கள் குரல் வருகிறது என்று அவர்கள் சொன்னாலும் இதிலிருந்தே தொடங்குங்கள்.

வாத்து மாதிரி கேட்கிறது

எஸ்.எஸ்.பி. என்பது அலையின் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பும் முறை, கீழ்ப்பக்கம் எல்.எஸ்.பி., மேல்பக்கம் யு.எஸ்.பி. பக்கம் மாறினால் பேச்சே புரியாது. 40, 80 மீட்டரில் எல்.எஸ்.பி., 20 மீட்டரும் மேலும் யு.எஸ்.பி. விதிவிலக்கு, கம்ப்யூட்டர் வழியே சேதி அனுப்பும் எஃப்.டி.8: அது 7.074இலும் யு.எஸ்.பி.தான். பக்கம் சரி, அவர்கள் குரல் உங்களுக்குச் சரியாக இருக்கிறது, ஆனால் “ஓ.எம். (ஹாம்கள் ஒருவரையொருவர் விளிக்கும் சொல்), தள்ளி இருக்கிறீர்கள்” என்று உங்களைச் சொல்கிறார்கள் என்றால் ஆர்.ஐ.டி. போட்டபடி விட்டிருக்கிறது. வாங்குவதை மட்டும் நகர்த்தும் குமிழ் அது. யாருக்குமே கேட்கவில்லை என்றால் ஸ்ப்ளிட் (ஒன்றில் கேட்டு வேறொன்றில் அனுப்பும் நிலை) விளக்கைப் பாருங்கள்.

ஹைதராபாத்தைச் சேர்ந்த ஆஷர் ஃபர்ஹான், வி.யு.2.இ.எஸ்.இ., வடிவமைத்த பிட்எக்ஸ் வகை ரேடியோவைக் கட்டியிருப்பவர்கள் கவனிக்க: அளவுத்திருத்தம் செய்யாத ரேடியோவில் திரை காட்டும் எண்ணே தள்ளி இருக்கும். தெரிந்த அலைவரிசையில் ஒலிபரப்பும் நிலையம் ஒன்றை வைத்துச் சரிசெய்த பிறகே அழைக்கத் தொடங்குங்கள்.

பகலில் பேசிய மதுரை, இரவில் காணோம்

கோளாறு இல்லை. சென்னையும் மதுரையும் நேர்க்கோட்டில் 400 கிலோமீட்டருக்கு மேல். பகலில் 7 மெகாஹெர்ட்ஸ் அலை செங்குத்தாக மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டு அருகிலேயே இறங்கும். இரவில் அந்த மண்டலம் மெலிந்து, செங்குத்தாகப் போகும் அலையைத் தாங்காமல் விட்டுவிடும். சாய்வாகப் போவது மட்டும் வெகுதூரம் தாண்டி இறங்கும். அதனால் மதுரை மறைந்து, வட இந்தியாவும் தென்கிழக்கு ஆசியாவும் வரும். மதுரை வேண்டுமென்றால் 80 மீட்டருக்கு இறங்குங்கள்.

இதோடு சேர்ந்த ஒன்று, தென்தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு. பொழுது சாய்ந்து ஓரிரு மணி நேரத்தில் உயர் பேண்டுகளில் வரும் குரல்கள் படபடவென்று நடுங்கும். பூமியின் காந்த நடுக்கோடு நம் நாட்டின் தென்முனைக்கு மிக அருகில் ஓடுகிறது. திருவனந்தபுரம் அருகே தும்பாவில் 1963இல் ராக்கெட் தளம் அமைந்ததும் அதை ஒட்டித்தான். சூரியன் மறைந்தபின் இந்தக் கோட்டின்மேல் அயனி மண்டலம் குமிழ்குமிழாகக் கலைகிறது, மார்ச்-ஏப்ரலிலும் செப்டம்பர்-அக்டோபரிலும் அதிகமாக. ரிக்கைப் பிரிக்காதீர்கள், காத்திருங்கள்.

சி.க்யூ. அழைத்துக்கொண்டே இருக்கிறேன், யாரும் வரவில்லை

சி.க்யூ. என்பது கேட்கும் யாரும் பதில் தரலாம் என்ற பொது அழைப்பு. அழைப்பதை நிறுத்திவிட்டுப் பேண்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாகச் சுற்றிக் கேளுங்கள். எங்கேயும் சத்தமில்லை என்றால் பேண்ட் மூடியிருக்கிறது. மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தால், சி.க்யூ. அழைக்கும் ஒருவருக்கு நீங்கள் பதில் கொடுங்கள். குறைந்த பவரும் தாழ்ந்த ஆண்டெனாவும் உள்ளவருக்கு இதுவே நல்ல வழி. அழைப்புக்குறியை ஒலிப்பெயர் எழுத்துகளில் (ஆல்ஃபா, பிராவோ என்பதுபோல), நிறுத்தி, இருமுறை சொல்லுங்கள். ரிப்பீட்டரில் சி.க்யூ. வழக்கமில்லை, அழைப்புக்குறியைச் சொல்லி “கேட்டுக்கொண்டிருக்கிறேன்” என்றால் போதும்.

அழைக்குமுன் அந்த இடம் காலியா என்று கேட்டுவிட்டு அழையுங்கள். 7.110, 14.300 இரண்டையும் அவசரத் தொடர்புக்கு விட்டுவையுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது பாரதி பிரசாத், வி.யு.2.ஆர்.பி.ஐ., போர்ட் பிளேரில் ஹாம் நிலையம் போட்டுக்கொண்டு இருந்தார். தீவுகளின் தொடர்புகள் அறுந்துகிடந்தபோது அந்த நிலையம் வழியாகத்தான் பல குடும்பங்களுக்குச் சேதி போனது. ஒரு அலைவரிசையைக் காலியாக விடுவது எதற்கு என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

எஃப்.டி.8இல் பதில் வரவில்லை என்றால் கம்ப்யூட்டர் கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு விநாடிக்கு மேல் தள்ளியிருந்தால் சிக்கல் தொடங்கும். பிறகு ஆடியோ அளவு: ஆடியோ மிஞ்சுவதைக் காட்டும் ஏ.எல்.சி. மீட்டர் துள்ளினால் குறைத்துவிடுங்கள்.

பேசியது நிஜம், ஆனால் தொடர்பு உறுதியாகவில்லை

இருவர் பதிவேடும் பொருந்தினால்தான் தொடர்பு உறுதியாகும். பதிவேட்டில் நேரம் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் இருக்க வேண்டும். நம் கடிகாரத்திலிருந்து ஐந்தரை மணி நேரம் கழியுங்கள். காலை 5.30க்கு முன் பேசியிருந்தால் தேதியும் முந்தைய நாளாகும். விடியற்காலைத் தொடர்புகள் பொருந்தாமல் போவது அதனால்தான். கம்ப்யூட்டர் பதிவேட்டில் இந்த ஐந்தரை மணி நேரம் இரண்டு முறை கழிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். திருத்தி மறுபடி ஏற்றினால் போதும், எதிர்ப்பக்கத்துக்காரர் எதையும் மாற்ற வேண்டியதில்லை.